பிரெட் குறிப்பு எங்கள் ஊர் வெயிலுக்கும் ஒத்துவரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், மகளிர் பக்கத்தில் வந்த பிரெட் செய்முறையைப் படித்தேன். வேலைக்குப் போகும் தாய் தகப்பனும் வீட்டில் பிரெட் சுட முடியும், சுட வேண்டும் என்று நம்புகிறவன் நான். அந்த வகையில் நீங்கள் இதைக் கையில் எடுத்ததே எனக்குச் சந்தோஷம். ஆனால் அதில் எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே செய்தால், காரைக்குடியில் பிரெட் வராது. சிவகங்கை மாவட்டத்தில் எந்த ஊரிலும் வராது.

"இரண்டு கப் மைதா, ஒரு ஸ்பூன் ஈஸ்ட், தேவையான அளவு வெதுவெதுப்பான தண்ணீர். கையால் 20 நிமிடம் நன்றாகப் பிசைந்து, கதகதப்பான இடத்தில் 2 மணி நேரம் மூடி வைக்கவும். ஓய்வு நேரத்தில் செய்து பாருங்கள்." இவ்வளவுதான் சாரம். சித்திரை, வைகாசியில் எங்கள் ஊரில் கதகதப்பான இடத்தைத் தேடிப் போக வேண்டுமா? அடுக்களை மேடையே 34 டிகிரியில் இருக்கிறது. அங்கே வெதுவெதுப்பான தண்ணீரில் பிசைந்த மாவு 40 நிமிடத்தில் பொங்கி நிற்கும். 2 மணி நேரம் விட்டால் புளித்து, சாராய வாடை அடித்து, அமுங்கிப்போகும். ஓய்வு நேரம் என்ற பேச்சுக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் தேவகோட்டையில் பள்ளி ஆசிரியர், குடியிருப்பு காரைக்குடி. என் மனைவி நர்ஸ், அவருக்கு ஷிப்ட் மாறி மாறி வரும். மகள் ஏழாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. காலையில் இரண்டு டிபன் பாக்ஸ், நான்கு தண்ணீர் பாட்டில், ஒரு பஸ். எங்கள் வீட்டில் இட்லி மாவு அவர் பொறுப்பு, பிரெட் என் பொறுப்பு. மகளிர் பக்கத்தை ஆண்களும் அடுப்படி வேலைக்காகவே படிக்கிறோம் என்பதை இணைப்பைத் தயாரிப்பவர்கள் தெரிந்துகொண்டால் நல்லது.

சமையல் அளவு என்பதில் செட்டிநாட்டுக்காரர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைப் பணியாரத்துக்கு அளவு கேட்டால் இங்கே எந்த ஆச்சியும் சட்டென்று சொல்வார்: பச்சரிசியை உழக்கில் தலைதட்டி எடு, அதே உழக்கில் அரிசி மேலேயே உளுந்தைக் கோபுரமாக வை, உளுந்து சரிந்து விழ ஆரம்பித்தால் நிறுத்து. உழக்கு பெரிதோ சிறிதோ, விகிதம் தப்பாது. இவ்வளவு கறாரான அளவு புழங்குகிற ஊருக்கு "தேவையான அளவு தண்ணீர்" என்று அச்சடித்து அனுப்பினால் எப்படி? ஒரு கப் மைதாவைத் தளர அள்ளினால் 120 கிராம், அழுத்தி அள்ளினால் 150 கிராம். இரண்டு கப்பில் 60 கிராம் வித்தியாசம் வந்துவிடுகிறது. மாவு இறுகுவதும் குழைவதும் இதில்தான் இருக்கிறது. சில நூறு ரூபாய்க்கு அடுக்களைத் தராசு கிடைக்கிறது. பிரெட் குறிப்பு என்றால் உப்பும் ஈஸ்ட்டும் உட்பட எல்லாம் கிராமில் வர வேண்டும்.

அடுத்தது தண்ணீர். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் தமிழில் வரும் குறிப்புகள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான்.

பிசைந்து முடிக்கும்போது பிரெட் மாவு 25 டிகிரி அளவில் இருந்தால் நிதானமாக உப்பும், ருசியும் ஏறும். பேக்கரிக்காரர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 25-ஐ மூன்றால் பெருக்கினால் 75. அதிலிருந்து அறையின் வெப்பம், பிசையும் முன் உலர்ந்த மாவின் வெப்பம், பிசைவதால் ஏறும் சூடு மூன்றையும் கழித்தால் மீதி வருவது தண்ணீர் இருக்க வேண்டிய வெப்பம். கையால் பிசைந்தால் சூடு அவ்வளவு ஏறாது. மாவு பிசையும் மெஷினான ஸ்டாண்ட் மிக்சர் வேகமாகத் திருப்புவதால் உராய்வில் நன்றாகவே ஏறும். என் மெஷினுக்கு நான் 8 என்று வைத்துக்கொள்கிறேன், ஒவ்வொரு மெஷினுக்கும் இது மாறும். இப்போது சித்திரை மாதக் கணக்கைப் போடுங்கள். அறை 34, மாவு 34, மெஷின் 8, மொத்தம் 76. தண்ணீர் பூஜ்ஜியத்துக்கும் ஒரு டிகிரி கீழே இருக்க வேண்டும் என்று வருகிறது! அதாவது ஐஸ் போட்டே ஆக வேண்டும். ஐஸைத் தட்டித் தண்ணீரோடு சேர்த்து எடை போட்டுக்கொள்ள வேண்டியதுதான். இல்லையென்றால் இன்னும் சுலபமான வழி: முதல் நாள் இரவே உலர்ந்த மாவை டப்பாவோடு பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மாவு 8 டிகிரிக்கு இறங்கிவிட்டால் தண்ணீர் 25-க்குச் சொச்சம் இருந்தாலே போதும், மண்பானைத் தண்ணீரே கிட்டத்தட்ட சரியாக இருக்கும். மார்கழி விடியற்காலையில் அறை 24, மாவு 24 என்று வைத்துப் பார்த்தாலும் தண்ணீர் 19 என்றுதான் வருகிறது. ஆக, இங்கே மெஷினில் பிசைபவர்களுக்கு வருஷத்தில் எந்த மாதமும் வெதுவெதுப்பான தண்ணீர் தேவையில்லை.

பின்னே அந்த வெதுவெதுப்பு எங்கிருந்து வந்தது? ஒன்று, குளிர் நாட்டுக் குறிப்பை அப்படியே எடுத்துப் போடுவதால். இன்னொன்று, குருணை குருணையாக இருக்கும் பழைய வகை ஈஸ்ட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து எழுப்ப வேண்டும். இப்போது கடைகளில் அதிகமாகக் கிடைப்பது இன்ஸ்டன்ட் ஈஸ்ட். அதை மாவோடு நேராகக் கலந்துவிடலாம். எந்த ஈஸ்ட் என்று குறிப்பில் ஒரு வார்த்தை போட்டிருந்தால் இந்தக் குழப்பமே இல்லை.

ஒரே ஊரிலும் வீட்டுக்கு வீடு மாறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பள்ளத்தூரில் நண்பர் ஒருவரின் பழைய வீட்டில் இரண்டாங்கட்டுக்குள் போனால், கனத்த சுவரும் உயரமான கூரையுமாக, நடுப்பகலிலும் குளுமை தெரியும். அதே மாவு அங்கே நிதானமாக எழும்பும். எங்கள் வீடு மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் காங்கிரீட் அடுக்களை. மணியைப் பார்த்து மாவை எடுக்கக் கூடாது, அளவில் இரண்டு மடங்கு ஆகிவிட்டதா என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். இட்லி மாவு கோடையில் எத்தனை மணிக்குப் பொங்கும், மழைக்காலத்தில் எத்தனை மணிக்கு என்று தெரிந்த கைக்கு இது புதிதே இல்லை. குறிப்பு எழுதுபவர்கள் அந்த அறிவை நம்பி எழுதலாம்.

இப்போது ஓய்வு நேரம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிற வீட்டில் அப்படி ஒன்று கிடையாது. கையால் 20 நிமிடம் பிசைவது என்றால் 20 நிமிடம் இரண்டு கையும் போய்விடும். அந்த நேரத்தில் மகனுக்கு வாய்ப்பாடு கேட்க முடியாது, அடுப்பில் பாலைப் பார்க்க முடியாது, போன் வந்தால் எடுக்க முடியாது. ஸ்டாண்ட் மிக்சர் மிச்சம் பிடித்துக் கொடுப்பது அந்த இரண்டு கைகளைத்தான். மெஷின் பிசைந்த பிரெட்டில் என்ன பெருமை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், என் பெரியப்பாவே கேட்டார். ஆட்டுக்கல்லில் ஆட்டாத இட்லியை இட்லி இல்லை என்று இன்று யாராவது சொல்கிறார்களா? 2011-ல் தமிழ்நாடு அரசே விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் கொடுக்கத் தொடங்கியது. அடுக்களையில் பெண்களின் தோளும் மணிக்கட்டும் தேய்வதைக் கணக்கில் எடுத்துக்கொண்ட திட்டம் அது. மாவு பிசைவதையும் அந்த வரிசையில் வைத்துப் பார்ப்பதுதான் நியாயம்.

மெஷின் ஓடும்போது என்ன நடக்கிறது என்று குறிப்பில் எழுதினால் புதியவர்களுக்குத் தைரியம் வரும். கொக்கி மாதிரி இருக்கும் பிசையும் கம்பியைத்தான் மாட்ட வேண்டும், முட்டை அடிக்கும் கம்பியை அல்ல. வேகம் 2-க்கு மேல் போகக் கூடாது, போனால் மோட்டார் சூடாகும், மாவும் சூடாகும். முதல் ஒன்றிரண்டு நிமிடம் கட்டி கட்டியாக, பாத்திரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். பயந்து மைதாவை அள்ளிப் போடக் கூடாது. நாலாவது நிமிடம் வாக்கில் கொக்கியைச் சுற்றி ஏற ஆரம்பிக்கும். அப்புறம் சத்தம் மாறும். அதுவரை கொழகொழவென்று கேட்டது, பாத்திரத்தின் பக்கத்தில் தப் தப்பென்று அறையும். பக்கவாட்டில் ஒட்டியிருந்ததையெல்லாம் மாவே துடைத்து எடுத்துக்கொள்ளும். எட்டு, பத்து நிமிடத்தில் மேல்தோல் வழுவழுப்பாகிவிடும்.

பதம் பார்ப்பது என் மகளின் வேலை. எலுமிச்சை அளவு மாவைக் கிள்ளி, விரல் நுனியில் கொஞ்சம் எண்ணெய் தொட்டுக்கொண்டு, நாலு பக்கமும் மெதுவாக இழுத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடிப்பாள். மாவு கிழியாமல் விரிந்து, அந்தப் பக்கம் இருக்கும் விரலின் நிழல் தெரிந்தால் "போதும்ப்பா" என்பாள். ஓரத்தில் பிய்த்துக்கொண்டு கிழிந்தால் இன்னும் இரண்டு நிமிடம். மெஷின் ஓடும்போது பாத்திரத்துக்குள் கை விடக் கூடாது என்பதைச் சின்னவனுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி வைத்திருக்கிறோம். இறுக்கமான மாவானால் மெஷின் அதிர்ந்து அதிர்ந்து மேடையில் நகரும். அதை ஓடவிட்டு அடுத்த அறைக்குப் போகக் கூடாது. அதே அடுக்களையில் நின்றபடி வேறு வேலை பார்க்கலாம்.

எங்கள் வீட்டு அளவு இது, விருப்பமிருந்தால் அச்சிடுங்கள். மைதா 300 கிராம், கோதுமை மாவு 200 கிராம், தண்ணீர் 320 கிராம், உப்பு 9 கிராம், சர்க்கரை 20 கிராம், எண்ணெய் 25 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம். பிசைந்த மாவை நாள் முழுக்கப் பிரிட்ஜில் வைப்பதானால் ஈஸ்ட் 3 கிராம் போதும். முழுக்கக் கோதுமை மாவிலும் செய்யலாம், ஆனால் தவிடு மாவின் இழுவையை அறுத்துவிடும், பிரெட் அவ்வளவு உயராது. மில்லில் அரைத்த நம் கோதுமை மாவு மைதாவைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கும். அதனால் இரண்டு மாவையும் தண்ணீரில் கலந்து அரை மணி நேரம் ஊறவிட்டு, பிறகு மற்றதைச் சேர்த்துப் பிசைந்தால் தவிடு நனைந்து மாவு இளகிக் கொடுக்கும்.

நேரத்தை நாங்கள் இப்படிப் பிரித்துக்கொள்கிறோம். காலை 5.30-க்கு மெஷினில் போட்டுவிடுவேன். அது பிசைகிற நேரத்தில் சீருடைகளை இஸ்திரி போட்டு முடித்துவிடலாம். பிசைந்த மாவை எண்ணெய் தடவிய பெரிய டப்பாவில் மூடி, ஒரு கால் மணி நேரம் வெளியே வைத்து, பிரிட்ஜுக்குள் தள்ளிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவோம். குளிரில் ஈஸ்ட் மெதுவாக வேலை செய்யும், சாயங்காலம் வரை தாங்கும், ருசியும் கூடும். வீடு திரும்பியதும் எடுத்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, பாயைச் சுருட்டுவது போல இறுக்கிச் சுருட்டி, 9-க்கு 5 அங்குல டின்னில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் விளிம்புக்கு மேல் எழும்பும். ஓ.டி.ஜி. என்கிற மின்சார ஓவனில் 190 டிகிரியில் 35 நிமிடம். அதற்குள் இரவுச் சாப்பாடும் வீட்டுப்பாடமும் நடந்துகொண்டிருக்கும். சூட்டோடு வெட்டினால் உள்ளே பசை மாதிரி ஒட்டும். ராத்திரி முழுக்கக் கம்பித் தட்டில் ஆறவிட்டுக் காலையில் வெட்டினால் டிபன் பாக்ஸுக்குச் சரியாக இருக்கும். நம் கை மாவில் படுகிற நேரம் என்று பார்த்தால் எல்லாம் சேர்த்து அரை மணிகூட வராது.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. 1500 வாட் ஓ.டி.ஜி.யை முக்கால் மணி நேரம் ஓட்டினால் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் முன்பின் ஆகும், அவ்வளவுதான். பெரிய தொல்லை மின்தடை. மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் நிறுத்தும் துணை மின்நிலையங்களின் பட்டியல் உங்கள் பேப்பரில் முதல் நாளே வருகிறது. எங்கள் பகுதியின் பெயர் இருந்தால் அன்று காலையில் மாவு போடுவதில்லை. இந்தச் சின்னச் செய்தியை விடாமல் போடுகிறீர்கள், அதற்கு நன்றி.

எல்லோரும் மிக்சர் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சில ஆயிரங்களில் தொடங்கி அரை லட்சத்துக்கு மேலும் விலை போகிறது. பல டேபிள்டாப் கிரைண்டர்களோடு மாவு பிசையும் இணைப்பு ஒன்று வருகிறது, பெரும்பாலான வீடுகளில் அது அட்டைப்பெட்டியிலேயே கிடக்கிறது. சின்ன அளவு மாவுக்கு அதுவே உதவும், நடுவில் மோட்டாருக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் போதும். எந்த மெஷினும் இல்லாதவர்கள் மாவைக் கொஞ்சம் இளக்கமாகக் கலந்து, அரை மணிக்கு ஒரு தடவை நாலு பக்கமும் இழுத்து மடித்துவிட்டு வந்தாலே மாவுக்கு இழுவை வந்துவிடும். வாங்குகிறவர்கள் வாட் கணக்கைப் பார்த்து மயங்காமல், எத்தனை கிராம் மாவைப் பிசையும் என்று கடையில் கேட்க வேண்டும். நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஒரு தகவல்: அமெரிக்காவிலிருந்து ஆசையாகத் தூக்கி வரும் மிக்சர் அந்த ஊரின் 120 வோல்ட்டுக்குச் செய்தது. இங்கே நேராகச் செருகினால் மோட்டார் புகைந்துவிடும். கனமான டிரான்ஸ்பார்மர் ஒன்றையும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும். அதற்கு இங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

பேக்கரி பிரெட்டைக் குறை சொல்வதற்காகவும் இதை எழுதவில்லை. எங்கள் தெரு முனை பேக்கரியில் சாயங்காலம் வரும் பன் வாசனைக்கு நானே நின்றுவிடுவேன். ஆனால் 2016-ல் டெல்லியில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் பிரெட்டுகளைச் சோதித்து, மாவில் சேர்க்கப்பட்டுவந்த பொட்டாசியம் புரோமேட் என்ற ரசாயனம் பற்றிச் சொன்னதும், அதே ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்குத் தடை விதித்ததும் நினைவிருக்கும். அதற்குப் பிறகு என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று தெரிந்த பிரெட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு இருக்கிறது. வீட்டு பிரெட்டில் பூஞ்சையைத் தடுக்க ஒன்றும் சேர்ப்பதில்லை. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு மூன்று நாளில் பூத்துவிடும். பிரிட்ஜில் வைத்தால் சீக்கிரம் விறைத்துப்போகும். துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது தோசைக்கல்லில் போட்டு எடுத்தால் புதிது போலவே இருக்கும். இதையும் குறிப்பில் சேர்த்திருக்கலாம். என் அப்பத்தாவுக்கு பிரெட் என்றால் காய்ச்சல்காரர்கள் பாலில் தொட்டுச் சாப்பிடுவது. இப்போது அவரே காலையில் நெய் தடவிய ஓரத் துண்டை யாருக்கும் விடுவதில்லை.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை பிரெட் குறிப்பு போடும்போது அதை எழுதுபவர் சித்திரை மாதத்தில், தமிழ்நாட்டு அடுக்களை ஒன்றில், வேலை நாளில் ஒரு தடவை செய்து பார்த்த பிறகு எழுதச் சொல்லுங்கள். கூடவே இன்னொரு வேண்டுகோள். நான் மைதாவில் 50 கிராமைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் கருப்புக் கவுனி அரிசி மாவைச் சேர்த்துப் பார்க்கிறேன். நிறமும் மணமும் அருமையாக வருகிறது, ஆனால் அரிசி மாவுக்கு இழுவை கிடையாது என்பதால் அதற்கு மேல் கூட்டத் தயங்குகிறேன். தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அங்கே உள்ளவர்களைக் கேட்டு, கவுனி, கம்பு, கேழ்வரகு மாவுகளை பிரெட்டில் எத்தனை சதவீதம் வரை சேர்க்கலாம், அதற்கேற்பத் தண்ணீரை எவ்வளவு கூட்ட வேண்டும் என்று கிராம் கணக்கோடு ஒரு கட்டுரை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பள்ளி ஆசிரியர் ஒருவர்,
செக்காலை, காரைக்குடி.